இடது காலைத் தொடாதவள்

கல்லாவி
10.6.2024

கண்ணு அனிதாவுக்கு உன் ஆயா எழுதுவது. முட்டி வலியும் காது மந்தமும் தவிர எனக்கு வேறு குறை இல்லை. உனக்கும் உன் வயிற்றில் இருப்பதற்கும் எந்தக் குறையும் வரக்கூடாது என்று காளியம்மனுக்கு விளக்கு வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நீ மாசமாக இருக்கும் சேதி உன் வாயால் எனக்கு வரவில்லை. ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி ஏற்றிப் போகிறவன் உன்னை ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தானாம். "உங்க பேத்திக்கு வயிறு தெரியுது ஆயா" என்று தெருவில் நின்று கத்தினான். உன் அம்மா செத்தபோது உன்னைத் தோளில் போட்டவள் நான். எனக்குத் தக்காளிக்காரன் சொல்ல வேண்டியிருக்கிறது. இதை நான் மறக்க மாட்டேன்.

உன் அப்பன் அன்புமணி உன் பெயரைக் கேட்டால் சோற்றில் கை கழுவிவிட்டு எழுந்துவிடுகிறான். போன் அவனிடம்தான் இருக்கிறது. கிடைத்தாலும் நீ கத்த, நான் கத்த, ஊரே கேட்கும். அதனால் கடிதம் போடு. தபால்காரர் கரியப்பன் என் கையில்தான் கொடுப்பார், சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் மாமியார் பெண் கேட்டு வந்த நாள் எனக்கு நேற்று மாதிரி இருக்கிறது. மஞ்சள் சேலை, சிவப்புக் கரை. யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவளே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ரெண்டு பேரும் ஒரே கம்பெனில வேலை செய்யறாங்க, மனசும் ஒத்துப்போச்சு, பேசி முடிச்சிடலாம்" என்றாள். அவள் போன பிறகு உன் அப்பன் சொல்லி அந்த நாற்காலியைக் கழுவி வெயிலில் வைத்தவள் நான். அப்பேர்ப்பட்ட வீட்டில் நீ எப்படி இருக்கிறாய் என்று எழுது.

உன் ஆயா
வெங்கடம்மாள்


ஓசூர், பாகலூர் ரோடு
21.6.2024

அன்புள்ள ஆயாவுக்கு அனிதா. உன் எழுத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். நானும் பிள்ளையும் சுகம். அவர் முனிராஜ் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். உன் முட்டிக்குத் தைலம் தேய்க்கிறாயா?

சொல்லாமல் இருந்தது தப்புதான். எந்த முகத்தோடு சொல்வது என்று தெரியவில்லை. நாற்காலி விஷயத்தை மட்டும் இனிமேல் எழுதாதே ஆயா. உன் கடிதத்தை வெளியே வைக்க முடியாமல் அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன்.

ஐந்தாவது மாசம். கம்பெனியில் லைனில் நின்றுகொண்டே வேலை. ஷிப்டு முடிந்தால் முதுகு இரண்டாகப் பிளந்துகொள்கிறது. ஒரு பார்லரில் 'கர்ப்பிணிகளுக்கு மசாஜ்' என்று போர்டு பார்த்தேன். வீட்டில் சொல்லாமல் போனேன். வெட்கமாகத்தான் இருந்தது. அங்கே இருந்த பெண் எத்தனை மாசம் என்றுகூடக் கேட்கவில்லை.

"குப்புறப் படுங்க மேடம்" என்றாள்.

"வயித்துல புள்ளய வச்சிக்கினு எப்படிம்மா குப்புறப் படுக்கறது?"

"ஓ. அப்ப எப்படி வசதியோ அப்படிப் படுங்க மேடம்."

செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இன்னொரு இடத்தில் விசாரித்தால், ஒரு ஆள் கை கழுவிக்கொண்டே எட்டிப் பார்க்கிறான். அவன்தான் செய்வானாம். அங்கேயும் நிற்கவில்லை.

நம் தெருவில் எல்லோருக்கும் எண்ணெய் போட்டு நீவி விட்டவள் நீதானே? பிள்ளைக்கு ஒன்றும் ஆகாமல் எப்படிச் செய்வது என்று எழுது.

அனிதா


கல்லாவி
1.7.2024

கண்ணு அனிதாவுக்கு ஆயா எழுதுவது. நான் நலம். பசுவும் கன்று போட்டு நலம். நீ நலமாக இருப்பதாக எழுதியதை நம்புகிறேன்.

பார்லருக்கு எல்லாம் போகாதே. விளக்கெண்ணெயைக் கை பொறுக்கும் சூட்டில் எடுத்து, கட்டைவிரலால் இறுக்கி, மேலிருந்து கீழே இழுக்க வேண்டும். சொடக்கு விடும் சத்தம் கேட்க வேண்டும். பூவைத் தொடுகிற மாதிரித் தொட்டால் வலி எங்கே போகும்? உன் அத்தைகள் எல்லோருக்கும் நான்தான் அமுக்கினேன். ஒருத்தியும் குறை சொன்னதில்லை. பெரியவள் மட்டும் "அம்மா கை இரும்பு" என்றாள். அவள் தலைதீபாவளிக்கும் குறை சொன்னவள்தான்.

பக்கத்தில் நம்மவர்கள் யாராவது வயசானவள் இருந்தால் கூப்பிடு. உன் மாமியாரை மட்டும் மேலே கை வைக்க விடாதே. ஏன் என்று கேட்காதே. எனக்குப் பிடிக்கவில்லை.

ஆயா


ஓசூர்
24.7.2024

அன்புள்ள ஆயாவுக்கு. கன்று கிடாரியா காளையா? இங்கே எல்லோரும் சுகம். பதில் எழுதத் தாமதம் ஆகிவிட்டது. எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

ஆயா, நீ கை வைக்க விடாதே என்று எழுதிய என் மாமியார் அத்தைதான் எனக்கு முதுகு பிடித்து விடுகிறார். கோபப்படாதே. ஒருநாள் நான் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டார்.

"இன்னாத்துக்கு எருமை மாதிரி சொவுத்துல ஒரசிக்கினு நிக்கற? வாயத் தொறந்து கேட்டா கொறஞ்சா போயிடுவ?"

அப்போதும் உடனே தொடவில்லை. மறுநாள் ரோஜாத் தோட்டத்து வேலைக்கு லீவு போட்டுவிட்டு என்னைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். "இவளுக்கு முதுவு புடிக்கலாமா? எங்க புடிக்கலாம், எங்க புடிக்கக் கூடாது?" என்று அவ்வளவு பேர் நடுவில் கேட்டார். எனக்கு மானம் போயிற்று. நர்சம்மா சிரிக்கவில்லை. டாக்டரிடமும் காட்டிவிட்டு, இடது பக்கமாகப் படுக்க வைத்து, முட்டிக்கு நடுவில் தலையணை கொடுத்து, தோளும் முதுகும் மெதுவாக, வயிற்றில் கை வைக்கவே கூடாது என்று சொன்னார். சூட்டெண்ணெயும் வேண்டாமாம். நீ எழுதிய மாதிரி இறுக்கி இழுக்கக் கூடாதாம். தப்பாக நினைக்காதே.

அத்தையின் கை பூ பறித்துப் பறித்து முள் கீறிய கை. ஆனாலும் நான் அப்படியே தூங்கிவிடுகிறேன்.

ஆவணியில் வளைகாப்பு. என் பக்கத்திலிருந்து நீ ஒருத்தி வந்தால் போதும். வா ஆயா.

அனிதா


கல்லாவி
2.9.2024

அனிதாவுக்கு ஆயா எழுதுவது. உடம்பு சுமார். கிடாரி.

வளைகாப்புக்கு வரவில்லை என்று உனக்கு வருத்தம் இருக்கும். முட்டி வீக்கம். பஸ் ஏற முடியவில்லை. உன் அப்பனிடம் என்ன சொல்லிவிட்டுக் கிளம்புவது என்பதும் இருக்கிறது. வந்தால்தான் எங்கே உட்காருவேன், யார் கையில் சாப்பிடுவேன்? உனக்குத் தெரியாதது இல்லை.

நல்லபடியாக நடந்ததாகக் கேள்விப்பட்டேன். முதல் வளையலை உன் மாமியாரே போட்டாளாம். நான் போடவேண்டியது. இதையும் மறக்க மாட்டேன்.

என் கை சொடக்கு உனக்குக் கூடாமல் போயிற்று, அவள் கையில் தூக்கம் வருகிறது. சரி, தூங்கு.

வெங்கடம்மாள்


ஓசூர்
9.9.2024

அன்புள்ள ஆயாவுக்கு அனிதா. நீ கோபமாக இருக்கிறாய் என்று உன் கையெழுத்திலேயே தெரிகிறது. முட்டி இப்போது எப்படி?

நான் அவ்வளவு சுகமில்லை. நாலு நாளாக இடது கால் மட்டும் வீங்கிக்கொண்டு வருகிறது. ஆடுசதை கல் மாதிரி இருக்கிறது, தொட்டால் சுடுகிறது. நின்று நின்று வேலை செய்வதால் என்று நினைத்து அத்தையிடம் கொஞ்சம் பிடித்து விடச் சொன்னேன். காலைப் பார்த்தவர் கையை எடுத்துக்கொண்டார். இந்தக் காலை மட்டும் தொடவே மாட்டேன் என்கிறார். அப்போதே டாக்டரிடம் கிளம்பு என்று நச்சரித்தார். வரும் திங்கட்கிழமையிலிருந்து எனக்குப் பிரசவ லீவு. அன்றைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

ராத்திரியெல்லாம் குத்துகிறது. சின்ன வயசில் காய்ச்சல் வந்தால் என் பாதத்தை நீ மடியில் வைத்துக்கொள்வாயே, அந்த ஞாபகமாகவே இருக்கிறது.

அனிதா


கல்லாவி
15.9.2024

கண்ணு அனிதாவுக்கு ஆயா எழுதுவது. நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். கிருஷ்ணகிரியில் பஸ் மாறும்போது மழை. உன் கால் இப்போது இலேசாகியிருக்கும்.

உன் கடிதத்தைப் பார்த்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மகனுக்கு நம் வீட்டுப் பெண் வேண்டும், அவள் காலைப் பிடிக்க மட்டும் கௌரவம் தடுக்கிறதா? மாமியாராம், மருமகள் காலைத் தொட மாட்டாளாம். உன் அப்பனிடம் ஊத்தங்கரைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுத்தான் நேற்று வந்தேன். அவள் தோட்டத்துக்குப் போயிருந்தது நல்லதாகப் போயிற்று. இருந்திருந்தால் கேட்டிருப்பேன்.

கதவைத் திறந்தவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாயே, அதிலேயே உன் பாதி நோவு போயிருக்கும். எண்ணெய் நான் கொண்டுவந்தது நல்ல செக்கெண்ணெய். ஆடுசதையை எவ்வளவு இறுக்கி இழுத்தேன் என்று உனக்கே தெரியும். நீ பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாய். கட்டி கரையும்போது அப்படித்தான் இருக்கும். இரண்டு நாள் கழித்து நடந்து பார்.

சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன் என்று வருத்தப்படாதே. எனக்குப் பசி இல்லை. அவள் வந்தால் நான் வந்துபோனதைச் சொல். தொடவேண்டியவர்கள் தொட்டால்தான் குணமாகும் என்றும் சொல்.

கால் எப்படி இருக்கிறது என்று உடனே எழுது.

உன் ஆயா


கல்லாவி
1.10.2024

அனிதாவுக்கு. நலமா?

பதில் இல்லை. கரியப்பனைத் தினமும் கேட்கிறேன். "ஒண்ணும் வரல ஆயா, வந்தா நானே ஓடியாந்து குடுப்பேன்" என்கிறார்.

என்னை எழுதக்கூடாது என்று அவள் தடுத்துவிட்டாளா? நான் வந்துபோனதில் அவளுக்கு ரோஷம் வந்திருக்கும். கால் குணமானதும் ஆயா வேண்டாமல் போய்விட்டாள். சரி. மறக்க மாட்டேன்.

இரண்டு வரியாவது எழுது கண்ணு.

ஆயா


கிருஷ்ணகிரி
8.10.2024

மதிப்பிற்குரிய ஆயா அவர்களுக்கு முனிராஜ் வணக்கம். தங்கள் உடல்நிலை எப்படி இருக்கிறது? அனிதா உயிரோடு இருக்கிறாள், பிள்ளையும் வயிற்றில் நன்றாக இருக்கிறது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் வந்துபோன அன்று சாயங்காலம் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நெஞ்சு வலிக்கிறது என்றாள். தோட்டத்திலிருந்து வந்த அம்மா பார்த்துவிட்டு, என் போனுக்குக்கூடக் காத்திராமல் ஆம்புலன்சை வரவைத்து இங்கே கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டார்கள். காலில் இரத்தம் கட்டியாக உறைந்து இருந்திருக்கிறது. அது நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விட்டது. காலை யாராவது அமுக்கினார்களா என்று டாக்டர் முதல் கேள்வியாகக் கேட்டார். வெகு நாள் ஐசியுவில் வைத்திருந்தார்கள். இரண்டு உயிரில் எது தங்கும் என்று சொல்ல முடியாது என்றுகூடச் சொன்னார்கள். இப்போது வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். இரத்தம் மறுபடி உறையாமல் இருக்கத் தினமும் வயிற்றில் ஊசி போடுகிறார்கள்.

உங்களுக்கு எழுதவேண்டாம், ஆயா தாங்காது என்று அனிதாதான் தடுத்தாள். உங்கள் கடிதம் வந்த பிறகு நானே எழுதுகிறேன்.

நீங்கள் மனதில் எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம். அவள் சொல்வதை அப்படியே எழுதுகிறேன். "காலை அமுக்கக் கூடாது என்று அத்தை சொன்னதை நான் ஆயாவிடம் சொன்னேன், ஆனால் மெதுவாகச் சொன்னேன். ஆயாவுக்குக் காதில் விழவில்லை. ஆயா வந்ததே எனக்குப் போதும் என்று இருந்தது, மறுபடி சத்தமாகச் சொல்ல மனசு வரவில்லை. தப்பு என்னுடையது." இதைத்தான் டாக்டரிடமும் சொன்னாள். எங்களிடமும் தினமும் சொல்கிறாள்.

அம்மா ஆஸ்பத்திரியை விட்டு நகரவில்லை. உங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

தங்கள்
முனிராஜ்


கல்லாவி
15.10.2024

சம்பந்தி முனிலட்சுமி அம்மாவுக்கு, கல்லாவி வெங்கடம்மாள் எழுதிக்கொள்வது. நீங்கள் நலமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

உங்கள் பெயரை நான் இதுவரை எழுதியதில்லை. அனிதாவுக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று தரம் உட்கார்ந்து மூன்று தரமும் எழுந்துவிட்டேன். உங்கள் மகன் எழுதிய கடிதத்தை மாட்டுக் கொட்டகையில் வைத்துப் படித்தேன். என் மகன் வந்து "ஏன் அழுவற" என்றான். கண்ணில் தூசி என்றேன்.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்.

எனக்கு வலது காது கொஞ்சம் கேட்கும். அனிதாவுக்கு அது தெரியாது. யாருக்கும் தெரியாது. காது கேட்காதவளிடம் யாரும் வேலை சொல்வதில்லை, அதனால் நானும் சொன்னதில்லை. அன்றைக்கு அவள் அந்தப் பக்கம்தான் குனிந்தாள். "ஆயா, ஒரு காலு மட்டும் வீங்குனா அமுக்கக் கூடாதாம். நர்சு சொன்னாங்களாம். அத்த வேணாம்னாங்க" என்றாள். எல்லாம் கேட்டது. ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

நான் "இன்னா? ஒண்ணும் கேக்கல" என்று சொல்லிவிட்டு எண்ணெயை ஊற்றினேன்.

அத்தை என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குக் கை இன்னும் இறுகியது. உங்கள் பேச்சு என் கையை நிறுத்துவதா என்று இருந்தது. அவள் முனகியதும் கேட்டது. நான் யாரையும் மறக்காதவள் என்று ஊரில் பெருமை பேசுவேன். இப்போது படுத்தால் அந்த முனகல்தான் கேட்கிறது. காது நன்றாகவே கேட்கிறது.

அனிதா, தப்பு தன்னுடையது என்று சொல்லிக்கொண்டு கிடக்கிறாளாம். அதை என்னால் தாங்க முடியவில்லை. நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள். ஆயாவுக்குக் கேட்டது என்று சொல்லுங்கள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எனக்கு மன்னிப்புக் கேட்கவும் தெரியாது. இதுவரை கேட்டதில்லை.

வெங்கடம்மாள்


ஓசூர்
25.11.2024

கல்லாவி அம்மாவுக்கு முனிலட்சுமி எழுதறது. எனக்கு எழுத்து சரியா வராது. பையன்கிட்ட சொல்லி எழுதச் சொன்னா அவனுக்கு விசயம் தெரிஞ்சிடும். அதனால நானே எழுதறேன். தப்பு இருந்தா படிச்சிக்குங்க.

பொம்பளப் புள்ள பொறந்திருக்கு. நாளு குறிச்சி ஆப்பரேசன் பண்ணி எடுத்தாங்க. எட கொஞ்சம் கம்மி, ஆனா குரலு பெருசு. அனிதா எழுந்து உக்கார்றா. ஊசி இன்னும் ரெண்டு மாசம் போடணும். அந்தக் காலு நடந்தா வீங்குது. இனிமே எப்பவும் கொஞ்சம் வீங்கிக்கினுதான் இருக்கும்னு சொல்றாங்க.

உங்க கடுதாசி வந்து நாளாச்சு. படிச்சதும் எனக்கு வந்த கோவத்துல ஆஸ்பத்திரி படிக்கட்டுல உக்காந்துட்டேன். பதில் எழுதவே கூடாதுன்னு இருந்தேன். நீங்க கேக்கலன்னு நெனச்சப்போ எனக்கு உங்க மேல வருத்தம் மட்டுந்தான் இருந்துச்சு. இப்ப அப்படி இல்ல. பொய் சொல்ல மாட்டேன்.

நான் அந்தக் காலத் தொடாதது கௌரவத்துக்கு இல்லம்மா. பயந்துதான். நீங்க எழுதுன கடுதாசி எல்லாம் துணி மடிப்புக்குள்ள மாத்தி வச்சிருந்தா, ஆஸ்பத்திரிக்குத் துணி எடுக்கறப்ப கீழ விழுந்துச்சு. நாற்காலி கழுவுனது வரைக்கும் படிச்சிட்டேன். நான் எதுக்கு ஒண்ணும் பேசலன்னு இப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

நீங்க சொல்லச் சொன்னத நான் அனிதாகிட்ட சொல்லல. பையன்கிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். புள்ளைக்குப் பால் குடுத்துக்கினே "நாந்தான் அத்த கெடுத்துக்கிட்டேன், சத்தமா சொல்லி இருக்கணும்"னு இன்னிக்குக் காலையிலயும் சொன்னா. கேட்டுக்கினு நின்னேன். என் வாய்க்குள்ள இருக்குது, ஆனா அது என் வாயால வரவேண்டிய பேச்சு இல்ல.

நீங்க கெளம்பி வாங்க. உங்க மவன்கிட்ட ஓசூருக்குன்னே சொல்லிட்டு வாங்க. பாகலூர் பஸ்ஸு ஏறினா கோயில் ஸ்டாப்புல எறங்கணும், முனிராஜ் வந்து நிப்பான். நான் தோட்டத்துக்குப் போவ மாட்டேன், வீட்லதான் இருப்பேன். ஆனா நீங்க பேசறப்ப புள்ளயத் தூக்கிக்கினு வெளிய போயிடுவேன்.

என்கிட்ட மன்னிப்பு கேக்கறதப் பத்தி எழுதி இருந்தீங்க. என்கிட்ட கேட்டு இன்னா ஆவப்போவுது? காலு அவளோடது.

முனிலட்சுமி